இருபத்தேழாம் எண் பெட்டி

காலை ஆறு மணிக்குத் தலைமைக்கருவி நிலவுக் குகையின் வீடுகளை ஒவ்வொன்றாக எண் சொல்லி அழைக்கும். பதினொன்று, மூச்சு விடுகிறார்களா? பதினொன்றாம் எண் பெட்டி மட்டும் ஆம் என்னும்; மற்றவை பேசாமலிருக்கும். நாற்பது காற்றுப்பெட்டிகளுக்கும் ஒரே கம்பி. பதில் வர ஒரு நொடி தாமதித்தாலும் ஆளில்லை என்று அந்தப் பெட்டியைப் பூட்டிவிடும். மறுபடி திறக்க அரைமணி பிடிக்கும்.

பெட்டியின் குழாயை எல்லாரும் கழுத்தில் பதித்த அடைப்பானில் மாட்டியிருப்பார்கள். அடைப்பான் தன் எண்ணுக்கு மட்டுமே திறக்கும். எண் ஆலையில் பொறித்தது, அழியாது.

கழிவுத்தொட்டி கழுவ வந்த சின்னப்பொன்னு, குகைத்தலைவர் தெய்வநாயகத்தின் எதிர்வீட்டில் குடியேறினாள். வேறு ஆலைப் பெட்டிதான், ஆனால் அதன் எண் இருபத்தேழு. தலைவரின் எண்ணும் அதுவே. இரண்டும் ஒன்றாகப் பதில் சொல்ல, கம்பியில் ஒரே கூச்சல்.

கம்பி பார்க்கும் செங்கமலம், சின்னப்பொன்னு வீட்டுச் சுவரில் கட்டைவிரலளவு முகவரிமாற்றி ஒன்றை வைத்தாள். கம்பியில் தொண்ணூற்றொன்று என்று அழைத்தால், அது உள்ளே இருபத்தேழு என்று சொல்லும். சிக்கல் தீர்ந்தது.

தெய்வநாயகத்துக்குத் தீரவில்லை. "வெளியிலதானேம்மா தொண்ணூத்தொண்ணு? உள்ள என் நம்பருதானே?" என்றார். தமக்கும் மாற்றி கேட்டார், யாருக்கும் இல்லாத ஐந்தாம் எண் ஆனார். உள்ளே இன்னும் இருபத்தேழுதான் என்று தெரிந்ததும் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. ஒன்றுக்கு மேல் வைத்தால் பதில் பிந்தும், வைக்கக்கூடாது. செங்கமலத்துக்கு அது தெரியும். தலைவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வைத்தாள்.

ஒன்பதாம் நாள் ஐந்தின் பதில் பிந்தியது. பெட்டி பூட்டிக்கொண்டது.

செங்கமலம் ஓடிவந்தபோது தெய்வநாயகம் வாசல் நிலையருகே கிடந்தார், உதடு நீலம். அவள் தோளில் தூக்கிவந்த தன் பெட்டியின் குழாயை அவருக்கு மாட்டிப் பார்த்தாள். அடைப்பான் திறக்கவில்லை.

"என் பெட்டியும் இருபத்தேழுதானேக்கா, அவருக்குச் சேரும்" என்று பின்னால் குரல் கேட்டது. சின்னப்பொன்னு தன் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

திறந்தது. அவருக்கு ஐந்து மூச்சு, அவளுக்கு ஐந்து மூச்சு. ஒரே குழாயைச் செங்கமலம் கழுத்துக்குக் கழுத்து மாற்றி மாற்றி மாட்டினாள். தன் முறை வரும்வரை சின்னப்பொன்னு மூச்சடக்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அரைமணி அப்படியே போனது.

அவருடைய பெட்டி திறந்தது. தெய்வநாயகம் எழுந்து உட்கார்ந்தார். கழுத்தைத் தடவிக்கொண்டு, செங்கமலத்தை அருகே அழைத்து மெதுவாகக் கேட்டார்:

"ஒவ்வொரு தடவையும் கழுவிட்டுத்தானேம்மா மாட்டுனே?"

"ஆமாய்யா, கழுவினேன்."

பொய்தான். அவர் மனம் ஆறட்டும் என்று சொல்லிவிட்டாள். சொன்னபின் நிமிர்ந்து பார்த்தாள். சின்னப்பொன்னுவுக்குக் கேட்டிருந்தது. அவள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அரைமணி நேரமும் அவள் நின்றது வாசற்படிக்கு வெளியே. குழாயைத்தான் உள்ளே நீட்டியிருந்தாள். உள்ளே வா என்று தானும் சொல்லவில்லை என்பது செங்கமலத்துக்கு அப்போதுதான் உறைத்தது.