இணைப் பதிவு

காலை அணிவகுப்பு முடிந்ததும் செல்வக்கனி வருமான வரி வாயிலில் மணிக்கட்டை நீட்டினாள். தோலுக்குள் இருந்த குடிமைச் சில்லு 'தென்கரை' என்று ஒளிர்ந்தது. பின்னால் நின்ற கணவன் குணாளனுக்கு 'வடகரை'. ஒன்றியப் படையில் ஒரே முகாமில் இருந்தாலும், வரி அவரவர் மாநிலத்துக்குத்தான்.

"இணைப் பதிவு போட்டுடலாம் கனி. என் மாநிலத்துக்கு மாறிடு. நிலைமை சரியில்ல."

"எங்க ஊரு வேண்டாம்னு எழுதிக் கொடுக்கணுமா? என்னால முடியாதுங்க."

அன்று மதியமே முகாமை ஒட்டிய எல்லை அணையைப் பிடிக்க வடகரை படையெடுத்தது. முகாம் மதிலைத் தாண்டி ஆளில்லாத் துப்பாக்கிகள் ஊர்ந்து வந்தன. அவை சில்லைப் படிக்கும். வடகரைக்கு வரி கட்டுபவரை விட்டுவிடும், மற்றவரைச் சுடும்.

மெஸ்ஸில் செல்வக்கனியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த தென்கரைப் பெண்கள் மூவர். முதல் வெடியில் லூர்துவின் தாடை பறந்தது. அடுத்ததில் பார்கவி சோற்றுத் தட்டின்மேலேயே சரிந்தாள். குழல் செல்வக்கனியின் நெற்றிக்கு நேராக வந்து நின்றது. பிறகு அவளைத் தாண்டித் திரும்பியது.

மணிக்கட்டைப் பார்த்தாள். 'வடகரை.' இணைப் பதிவுக்குத் தம்பதியில் ஒருவர் கைரேகையே போதும்.

யோசிக்க நேரமில்லை. தொடையில் குண்டடிபட்டுக் கிடந்த ஜமீலாமேல் பாய்ந்து விழுந்தாள். துப்பாக்கி தயங்கியது. தன் உடலால் அவளை மறைத்தபடியே ரத்தத்தில் வழுக்கி வழுக்கி வாசல்வரை இழுத்தாள்.

குணாளன் ஓடிவந்து ஜமீலாவின் கால்களைத் தூக்கினான்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா மாட்டேன்னுருப்பே. நீ சாகிறதைப் பார்க்க என்னால ஆகாது."

ஜமீலாவை நடுவில் தூக்கிக்கொண்டு இருவரும் முற்றத்தைக் கடந்தார்கள். எதிரிக்கு அரணாக நிற்பவரை வடகரைக் கட்டளையகம் கவனித்துவிட்டது. ஒலிபெருக்கி கரகரத்தது: "குணாளன், குடிமை ரத்து. இணைப் பதிவும் ரத்து."

குழல்கள் திரும்பின. குணாளன் இருவரையும் பதுங்குகுழிக்குள் தள்ளிவிட்டான். அவன் குதிப்பதற்குள் முதுகைத் துளைத்துக்கொண்டு குண்டுகள் மார்பு வழியே வெளிவந்தன.

போர் நின்றதும் உடலை ஒப்படைக்க ஒன்றிய அதிகாரி வந்தார்.

"இவருக்கு இப்போ மாநிலம் எதுவும் இல்லம்மா. எங்கே அனுப்ப?"

செல்வக்கனி ஜமீலாவின் ஊன்றுகோலை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அவளை உட்கார வைத்தாள்.

"எங்கேயும் வேண்டாம். மண்வெட்டி மட்டும் கொடுங்க."