நேரில் வந்து காட்டவும்

அந்தத் தாள் மட்டும் ஈரமாக இருந்தது.

படத்தில்தான். ஆனாலும் பரிமளா டேபின் கண்ணாடியைத் தொட்ட விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கோடு போட்ட தாள் ஒன்று வெளுத்த கல்லின் மேல் கிடந்தது. மேலே கேள்வி எண் மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே நீல மை முழுக்கக் கரைந்து, ஓரங்களுக்கு வழிந்து, தாளையே வெளிறிய வான நிறமாக்கியிருந்தது. மழையில் நனையவிட்டு அப்படியே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறது, எந்தக் கழுதையோ. பாதி எழுதி அனுப்புகிறவர்களுக்கென்றே அவள் ஒரு குறிப்பைச் சேமித்து வைத்திருந்தாள். விரலை அழுத்தினால் போதும், வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘விடை முழுமையாக இல்லை. நேரில் வந்து காட்டவும்.’ அதை ஒட்டினாள். பெயரைப் பார்க்காமலே அடுத்த தாளுக்குத் தள்ளினாள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்தியிருந்தார்கள். ரெட்டிபாளையத்தில் கரண்டு போனால் சற்று நேரத்தில் டவரும் படுத்துவிடும். அது தெரிந்துதான் முந்தின நாளே பெரம்பலூர் கல்லூரியில் உட்கார்ந்து, பிள்ளைகள் போர்ட்டலில் ஏற்றியிருந்த அசைன்மென்ட்டுகளை எல்லாம் டேபில் இறக்கிக்கொண்டு வந்திருந்தாள். இணைப்பு இல்லாமலே திருத்தலாம். மதிப்பெண்ணும் குறிப்பும் டேபுக்குள்ளேயே காத்திருக்கும். சிக்னல் வந்ததும் தானாகக் கிளம்பி அவரவர் போனுக்குப் போய்ச் சேரும். கணவன் பழனிவேல் திருமானூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தான். வேலையைச் சாக்காகச் சொல்லி அவள் தங்கிவிட்டாள். கல் லாரிகள் போகிற ரோட்டோர வீடு என்பதால் ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். அப்படியும் மாவு போன்ற வெள்ளைப் புழுதி எங்கிருந்தோ நுழைந்து, துடைத்த மேசைமேல் துடைத்ததற்கு அடையாளமே இல்லாமல் படிந்துவிடும். வெளியே மதியம். உள்ளே அது மாலையைப் போல இருந்தது. புழுதியின் வாசனை, அடுப்படியிலிருந்து ஆறிய ரசத்தின் வாசனை, அவற்றுக்குக் கீழே இன்னொன்று. நாள்பட்ட தண்ணீரின் வாசனை. பின்கட்டில் வாளியை மூடாமல் விட்டிருப்பாள்.

பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்தார்கள். கையால் எழுதி, வெளிச்சத்துக்காக வாசல்பக்கத் தரையில் தாளைப் போட்டு, மேலே நின்று போனில் எடுப்பார்கள். அதனால் ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் ஒரு வீடு ஒட்டிக்கொண்டு வரும். சாணி மெழுகிய தரை, பூப்போட்ட டைல்ஸ், ஆண்டிமடத்துப் பையன்களுக்கு முந்திரிக் கொட்டை காயும் சாக்கு, கோழியின் கால், எடுக்கிறவரின் கட்டைவிரல். கையெழுத்தைவிடத் தரையை வைத்தே அவளால் ஆளைச் சொல்லிவிட முடியும்.

அந்த வெளுத்த கல்லைத்தான் அவள் முன்பு பார்த்ததில்லை.

பின்கதவு தட்டாமலே திறந்தது. பக்கத்து வீட்டு வீரம்மாள், கையில் மோர்ச் சொம்போடு.

“என்ன டீச்சரு, இருட்டுக்குள்ளயே குந்திருக்க? ஆவி கணக்கா.”

“வாங்கக்கா. செருப்போட வராதீங்க, இப்பத்தான் தொடச்சேன்.”

“தொடச்ச லட்சணம் தெரியுது.” செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வந்து மேசையோரம் குனிந்தாள். “பரிச்ச பேப்பரா?”

“அசைன்மென்ட்டு. ஊர்ல இருக்குற நீர்நிலை ஒண்ணப் பத்தி எழுதச் சொன்னேன். எப்படி வந்துச்சு, எவ்வளவு ஆழம், அடியில என்ன இருக்குன்னு.”

“அடியில என்ன இருக்கும். சேறு இருக்கும். இதுக்கு ஒரு படிப்பு.”

பரிமளா சிரித்தாள். தலைக்கு மேல் மின்விசிறி திடீரென்று ஒரு சுற்றுச் சுற்றியது. அடுப்படியில் பிரிட்ஜ் உறுமியது. “வந்துருச்சு பாரு,” என்றாள் வீரம்மாள். சொல்லி வாயை மூடுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. “போயிருச்சு. லைன்ல டெஸ்ட்டு பாக்குறானுவ. அஞ்சு மணிக்குத்தான் விடுவானுவ.”

“அக்கா, இது யார் வூட்டுத் தரைன்னு தெரியுதா?” பரிமளா அந்த ஈரத்தாளைத் தேடி எடுத்து நீட்டினாள்.

வீரம்மாள் டேபைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“வூடு இல்ல இது. சுண்ணாம்புக் கல்லு வெட்டுன பழைய பள்ளம். நத்த அச்சு தெரியுது பாரு, கல்லுல. நான் ஆடு ஓட்டிட்டுப் போற காலத்துல எறங்கி நடந்துருக்கேன்.”

“பள்ளத்துல எந்த எடம்?”

“அடி.” டேபைத் திருப்பிக் கொடுத்தாள். “ஆனா ஐப்பசி மழைக்கு அது நெறஞ்சுபோச்சே. பனமரம் ஒசரம் தண்ணி நிக்குது. எவ எறங்கி எடுத்தா?” சொம்பை வைத்துவிட்டு அவசரமாக எழுந்தாள். “பழைய போட்டோவா இருக்கும். கதவச் சாத்திக்க.”

அவள் போன பிறகுதான் பரிமளா படத்தின் மேலே இருந்த பெயரைப் பார்த்தாள்.

வெற்றிச்செல்வி.

வகுப்பில் மூன்றாவது பெஞ்சு. எதைக் கேட்டாலும் எழுந்து நின்றுதான் பதில் சொல்வாள். ‘வரேன் மிஸ், செய்றேன் மிஸ்.’ கொடுத்த வேலையைச் செய்யாமல் ஒருநாளும் வந்ததில்லை. ஐப்பசி மழையில், வீட்டில் சிக்னல் இல்லை என்று போனை எடுத்துக்கொண்டு பள்ளத்து மேட்டில் ஏறியவள். மறுநாள்தான் தண்ணீருக்கு மேலே வந்தாள். போன் கிடைக்கவே இல்லை. துக்கத்துக்குப் போன அன்று அவளுடைய அம்மா பரிமளாவின் கையைப் பிடித்துக்கொண்டு, திட்டாமல், குறைகூடச் சொல்லாமல், “எழுதி முடிச்சுட்டா டீச்சர், அனுப்பத்தான் போனா” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

செத்துப்போன பிள்ளையின் பெயரை வருடம் முடியும்வரை பதிவேட்டிலிருந்து யாரும் எடுப்பதில்லை. வருகையெடுக்கும்போது அந்த எண்ணைத் தாண்டிப் போவார்கள், அவ்வளவுதான். அந்த வாரம் மழையால் பாதிப் பேர் அசைன்மென்ட் அனுப்பவில்லை. பரிமளா போர்ட்டலில் அனுப்பாதவர்கள் எல்லாரையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அவகாசம் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் அதில் வெற்றிச்செல்வியும் இருப்பதைக் கண்டாள். நீக்கியிருக்கலாம். அந்த ஒரு பெயரை மட்டும் தொட்டு வெளியே தள்ளக் கை வரவில்லை. மேட்டிலிருந்து இன்னொரு தடவை தள்ளுவதுபோல இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். அதை இரக்கம் என்றும் நினைத்தாள்.

இப்போது அந்தப் பிள்ளை, கிடைத்த அவகாசத்துக்குள் அனுப்பியிருந்தது.

பரிமளா படத்தைப் பெரிதாக்கினாள். கல்லில் சுருள் சுருளாக நத்தை அச்சுகள். தாளின் மேல் வெளிச்சம் நெளிந்து நெளிந்து கிடந்தது, தண்ணீருக்குள் விழுகிற வெளிச்சம் போல. ஓரத்தில், எல்லாருடைய படத்திலும் இருப்பது போலவே, ஒரு கட்டைவிரல். சோப்பு நுரை நிறத்தில். நெடுநேரம் ஊறிச் சுருங்கிய தோல். நகம் இல்லை.

யாரோ விளையாடுகிறார்கள். அந்தப் பிள்ளையின் பாஸ்வேர்டு தெரிந்த தோழி எவளோ. நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

அப்போதுதான் அந்தக் குறிப்பு நினைவுக்கு வந்தது.

நேரில் வந்து காட்டவும்.

இன்னும் போயிருக்காது. கரண்டு இல்லை. டவர் இல்லை. அழித்துவிடலாம். விரல் இரண்டு தடவை வேறு எங்கோ பட்டது. மூன்றாவது தடவை குறிப்பு திறந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தாள். அனுப்பப்பட்டது.

மின்விசிறி சுற்றிய அந்த ஒரு சுற்று.

அதற்கும் கீழே இன்னொரு வார்த்தை. பார்க்கப்பட்டது.

வீட்டுக்குள் எதுவும் அசையவில்லை. ரோட்டில் லாரி சத்தம்கூட இல்லை. தண்ணீரின் வாசனை இப்போது வாளியின் வாசனையாக இல்லை. சுண்ணாம்பும் பாசியும் கலந்து, வெயில் படாத ஆழத்தின் வாசனையாக, மூக்கில் அல்ல, நாக்கின் அடியில் இருந்தது. வீரம்மாள் வீட்டுக்குப் போய்விடலாம். எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தாள். மழை மூட்டத்தில் கொல்லை சாம்பல் நிறமாக இருந்தது. படியிலும் அதற்கு அப்பாலும் வெள்ளைப் புழுதி. வீரம்மாளின் செருப்புத் தடம் வந்திருந்தது, திரும்பிப் போயிருந்தது. பக்கத்தில் சின்னதாக வெறுங்கால் தடம். அவ்வளவுதான். ஆள் யாரும் இல்லை. தன்னையே திட்டிக்கொண்டாள். படித்தவள், பாடம் நடத்துகிறவள். கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலை நாற்காலிக் காலில் கோத்துக்கொண்டாள். எப்போதும் திருத்தும்போது உட்காருகிற மாதிரி.

அடுத்த தாள். டைல்ஸ் தரை. ஊர் ஏரி. நல்ல கையெழுத்து.

ஒரு வரி படித்தாள். மறுபடி அதே வரியைப் படித்தாள்.

வீரம்மாள் செருப்போடு வந்தாள். செருப்போடு போனாள்.

வெறுங்கால் தடம் யாருடையது?

அது வந்திருந்தது.

போகவில்லை.

திரும்பிப் பார்க்க வேண்டும். கழுத்து திரும்பவில்லை. கண்கள் கதவின் தாழ்ப்பாள்களைத் தேடின. மேலே ஒன்று. கீழே ஒன்று. உள்பக்கம். அவளே போட்டது.

சொட்.

அடுப்படிக் குழாய். குழாயாகத்தான் இருக்கும்.

சொட்.

குழாய் இடது பக்கம். இது பின்னால்.

அப்போது, ஐந்து மணிக்கு முன்பே, கரண்டு வந்தது. ஒரே சமயத்தில் எல்லாம் உயிர் பெற்றன. டியூப்லைட் கண் சிமிட்டி நின்றது, மின்விசிறி சுழன்றது, பிரிட்ஜ் உறுமியது, அணைக்க மறந்திருந்த டிவியில் யாரோ சோப்பு விளம்பரத்தில் சிரித்தார்கள். தெரு முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல். அந்த வெளிச்சத்தில், அந்தச் சத்தத்தில், பரிமளாவுக்கு அழுகை வந்தது. பைத்தியக்காரி. இருட்டில் உட்கார்ந்து என்னவெல்லாம் நினைத்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

டேப் ஒலித்தது.

டவரும் வந்துவிட்டது. திருத்தியவை எல்லாம் வரிசையாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கமிருந்து வந்தது.

வெற்றிச்செல்வி மீண்டும் விடை அளித்துள்ளார்.

அவள் அதைத் தொடவில்லை. தொட்டதாக நினைவில்லை. படம் திறந்துகொண்டது.

கோடு போட்ட தாள். ஈரம். கேள்வியின் கடைசிப் பகுதி மட்டும் கரையாமல் இருந்தது, அடக்கமான உருண்டைக் கையெழுத்தில். அடியில் என்ன இருக்கிறது? அதன் கீழே வெறுமை.

இந்தத் தடவை கல் இல்லை. சிவப்புத் தரை. புழுதி படிந்த, இன்றைக்குத்தான் துடைத்த, அவளுடைய சிவப்புத் தரை. டியூப்லைட்டின் வெளிச்சம் தாளில் நீளமாக விழுந்திருந்தது. தாளுக்கு அப்பால், படத்தின் மேல் ஓரத்தில், ஒரு நாற்காலிக் கால். அதில் கோத்திருந்த ஒரு குதிகால். அதன் மேல் பச்சைச் சேலையின் கரை.

பரிமளா குனிந்து தன் சேலையின் கரையைப் பார்த்தாள்.

படத்தின் கீழ் ஓரத்தில், எடுக்கிறவர் நிற்கும் இடத்தில், இரண்டு பாதங்கள் முழுதாகத் தெரிந்தன. வெளுத்து, ஊறி, விரல்களை ஒழுங்காகச் சேர்த்து. டீச்சர் முன்னால் எழுந்து நிற்கிற பிள்ளையின் பாதங்கள்.

மின்விசிறிக் காற்றில், முதுகுக்குப் பின்னால், ஈரத்தாள் ஒன்று தரையை விட்டு எழப் பார்த்தது. ஒட்டிக்கொண்டது. மறுபடி எழப் பார்த்தது.