முதுகில் இருந்த சூடு

ஏழாம் குடிலின் படுக்கையில் இலைகள் கிடந்தன.

நின்சீமா அதைக் கண்டது சாயங்காலம் நாலரை மணிக்கு. மழைக்காலத்தில் லாட்ஜுக்கு விருந்தினர் வரத்து குறைவு; எட்டுக் குடில்களில் ஐந்து பூட்டித்தான் கிடந்தன. அந்தத் துணிச்சலில் அவள் தன் ஒன்பது மாதப் பிள்ளை அயேபாரேயை முதுகில் கட்டி, மழைக்கோட்டால் மூடி மறைத்துக் கொண்டுவந்து, காட்டை ஒட்டித் தனியாக நின்ற ஏழாம் குடிலில் தூங்கப் போட்டுவிட்டு வேலை பார்த்தாள். வேலைக்காரர்கள் பிள்ளையை உள்ளே கொண்டுவரக் கூடாது. ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் பீன்ஸ் அறுவடைக்குப் போய்விட்டாள். பிள்ளைக்கோ மூன்று வாரமாக விடாத இருமல். அவள்தான் என்ன செய்வாள்?

பிள்ளை நல்ல தூக்கத்தில் இருந்தான். அவனைச் சுற்றி, வெள்ளை விரிப்பின்மேல், பச்சைத் தண்டுகள் உள்பக்கமாக வளைத்து, ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி, வட்டமாக வைக்கப்பட்டிருந்தன. கதவு பூட்டியது பூட்டியபடி இருந்தது. சாவி அவள் இடுப்பில். அறையில் ஈர மண்ணும் புளித்த தழையும் பழைய வேர்வையும் கலந்த வாடை, அவள் புருஷன் காட்டிலிருந்து திரும்பும்போது அவன் சட்டையில் வருவது போல, கனமாக நின்றது.

சலவை அறையில், கூட வேலை பார்க்கும் ஸ்கோவியாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, இலை பரப்பி விளையாட உனக்கு என் பிள்ளைதான் கிடைச்சானா?"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்லை பாரு! காட்டுல திரியிறது உன் புருஷன். அவரைப் போய்க் கேளு."

வீட்டில் அவள் புருஷன் பியாரு உருளைக்கிழங்கைத் தொடாமல் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கொரில்லாக்களின் தடம் பார்ப்பது அவன் வேலை. அவை தினமும் அந்தியில் தழைகளை மடித்துப் புதுப் படுக்கை போட்டுக்கொள்ளும். குட்டி தாயோடு படுக்கும். மறுநாள் காலையில் படுக்கைகளை எண்ணித்தான் கூட்டத்தில் யாராவது குறைகிறார்களா என்று பார்ப்பார்கள்.

"இன்னைக்கு எத்தனை படுக்கை?" என்று வழக்கம்போல் கேட்டாள்.

"ஒன்பது. பத்து இருக்கணும். ஒருத்தி தனியாப் பிரிஞ்சு கீழ இறங்கிட்டா. லாட்ஜ் வேலியோரமாப் படுத்திருக்கா."

"எவ?"

"குட்டி செத்தவ. பன்னெண்டு நாளாச்சு, தோலும் மயிரும்தான் மிச்சம். இன்னும் கீழ வைக்க மாட்டேங்கிறா."

"குட்டிக்கு என்னதான் வந்துச்சு, அயேபாரே அப்பா?"

அவன் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினான். "இருமல்," என்றான்.

நின்சீமா பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். வீட்டில் ஒருவர் இருமினாலும் தடம் பார்ப்பவன் காட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. மனிதச் சளி அவற்றுக்கு எமன். பிள்ளை இருமத் தொடங்கிய அன்றைக்கு அவன் தயங்கித்தான் நின்றான். 'சின்னப் பிள்ளை இருமுறதுக்கெல்லாம் வேலைக்குப் போகாம இருப்பாங்களா, போய்ட்டு வாங்க' என்று அனுப்பி வைத்தது அவள்தான்.

"யார்கிட்டயும் சொல்லிடலையே?"

"சொன்னா மட்டும் போன உயிர் வந்துருமா?"

மறுநாள் ஏழாம் குடிலுக்கும் விருந்தினர் வருவதாகச் சொன்னார்கள். இனிப் பிள்ளையை எங்கேயும் விடுவதில்லை, முதுகைவிட்டு இறக்குவதே இல்லை என்று நின்சீமா முடிவு செய்துகொண்டாள். மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, மரங்களையும் குடில்களையும் ஒவ்வொன்றாக விழுங்கி, சலவை அறை வாசல்வரை வந்து நின்றது. மழை நாளில் சூரிய மின்விளக்குக்கு உயிரில்லை, மங்கலாக எரிந்தது.

படுக்கைகளுக்கு வெந்நீர்ப் பை வைக்கும் நேரம். கொதிநீர் ஊற்றும்போது முதுகில் பிள்ளை இருக்கக் கூடாது என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். வேறு வழியில்லாமல் பிள்ளையைக் கம்பளியில் சுற்றி, பின்னால் உலர்ந்த விரிப்புக் குவியலின்மேல் கிடத்தினாள். காதை மட்டும் அங்கேயே வைத்திருந்தாள். ஒரு பை. இரண்டு. பின்னால் இருமல் கேட்டது: குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, கடைசியில் விசில் மாதிரி ஓர் இழுப்பு. மூன்றாவது பை. நான்கு. ஆவி முகத்தில் அடித்தது. ஐந்தாவது பையின் மூடியைத் திருகும்போதுதான், சத்தமே இல்லை என்று உறைத்தது.

சட்டெனத் திரும்பினாள். கம்பளிப் பொதி வைத்த இடத்திலேயே இருந்தது, தலைவரை மூடி. அப்பாடா என்றிருந்தது. அசந்து தூங்குகிறான், எழுப்ப வேண்டாம். குளிருக்கு இதமாக ஒரு வெந்நீர்ப் பையைப் பொதிக்குள் செருகி, குனிந்து, முதுகில் ஏற்றித் துணியை இறுக்கி முடிந்தாள். பிள்ளை இளைத்துத்தான் போய்விட்டான். போகட்டும், காலையில் கொடுத்த மருந்து கேட்டுவிட்டது. இருமலே இல்லை. மூன்று வாரத்தில் முதல்முறையாக அவள் முதுகில் அந்தச் சூடு அமைதியாகக் கிடந்தது.

வழியில் ஸ்கோவியா குடையோடு எதிரே வந்தாள். "என்னடி, இந்தக் குளிர்லயும் உன் முதுகுல ஈ மொய்க்குது? பிள்ளையைக் குளிப்பாட்டவே மாட்டியா?"

"உன் வாயைக் கழுவு முதல்ல," என்று சிரித்துவிட்டு நடந்தாள் நின்சீமா.

இரண்டாம் குடில். நான்காம் குடில். ஐந்து. கடைசியாக ஏழாம் குடிலைத் திறந்தபோது அந்த வாடை முகத்தில் அறைந்தது. படுக்கை நிறையத் தழை. இன்றைக்கு வட்டம் பெரிது. பெரிய உடம்பு ஒன்று சுருண்டு படுக்கும் அளவுக்கு. நடுவில் பள்ளம். கை வைத்துப் பார்த்தாள்.

சூடாக இருந்தது. அவள் இன்னும் பை வைக்கவில்லை.

வெளியே, பால்கனிக்கு அப்பால், பனிக்குள் யாரோ இருமினார்கள்.

குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று. விசில் போல ஓர் இழுப்பு.

ஓராயிரம் பிள்ளைகள் இருமினாலும் அவளுக்கு அந்த இருமல் தெரியும்.

மறுபடியும் கேட்டது. இப்போது சரிவில், கொஞ்சம் மேலே. தழை மிதிபடும் சத்தம். நிதானமான, கனத்த நடை. அவசரமே இல்லை. மறுபடியும். இன்னும் மேலே. "அயேபாரே" என்று கத்திக்கொண்டே பால்கனிக்கு ஓடினாள்.

இன்னொரு இருமல், மிகத் தொலைவில். அப்புறம் மழை மட்டும்.

காதோரம் ஓர் ஈ பறந்தது. முதுகில் வெந்நீர்ப் பை ஆறிக்கொண்டிருந்தது. அதைத் தவிர அங்கே வேறு சூடு இல்லை. இருந்ததும் இல்லை.

மார்பில் முடிச்சு. விரல்கள் அதன்மேல். அவிழ்க்க முடியவில்லை.

முடிச்சு தானாகத் தளர்ந்தது. பொதி ஒருபக்கமாகச் சரிந்தது. அவள் தோளின்மேல் ஒரு சின்னக் கை வழுக்கி வந்து தொங்கியது, கறுத்து, காய்ந்து, மயிர் பாதி உதிர்ந்து, ஒன்பது மாதப் பிள்ளையின் கை அளவே இருந்த கை.