பீங்கான் கடையில் ஓர் ஒத்திகை

சஞ்சீவனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னே, வராதா?

வீட்டுக்கும் கடைக்கும் கட்டும் ஆதனவரியை இனி ஐந்து வருடத்துக்கு ஏற்றக்கூடாது என்று பிலிமத்தலாவைக் கடைக்காரர்கள் சிலர் கிளம்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. வரி ஏறாவிட்டால் சம்பளம் கொடுக்கக் காசில்லை, நூலகத்தை மத்தியானமே பூட்டிவிடுவோம் என்று வரியை வாங்கும் பிரதேச சபை சொல்லிவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்காரர்களின் பிள்ளைகள் அந்த நூலகத்துக்குத்தான் போவார்கள். பெற்றோர் கடையைப் பூட்டிவிட்டு வரும்வரை அங்கேதான் வாசிப்பு, வீட்டுப்பாடம், சத்தமில்லாத சண்டை எல்லாம்.

"அப்பா, நீங்க எதுக்குக் கை தூக்கப் போறீங்க?"

"வரி ஏறக்கூடாதுன்னுதான்" என்றார் பீங்கான் கடை ஜனார்த்தனன். "கரண்ட் பில் ஏறிருச்சு, சாமான் விலை ஏறிருச்சு. இதுவும் ஏறினா நான் எங்கம்மா போவேன்?"

"அப்ப நாங்க எங்க போறது?"

"கடைக்கு வாங்க. இடமா இல்ல?"

"எங்களை ஒருத்தரும் கேக்கலியே!"

"சின்னப் பிள்ளைங்களுக்கு ஓட்டு இல்லம்மா."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தினமும் நூலகத்துக்குப் போவது பிள்ளைகள். அதைப் பூட்டலாமா என்று தீர்மானிப்பதோ, அதன் வாசற்படியைக்கூட மிதிக்காத பெரியவர்கள். இது என்ன நியாயம்?

புதன்கிழமை நூலக வாசலில் அவள் தன் கூட்டாளிகளை மறித்தாள்.

"இன்னைக்கு உள்ள போகவேணாம். பூட்டிட்டாங்கன்னு நினைச்சுக்குவோம்."

"பூட்டினா எங்க போறது?" என்று கேட்டாள் ஷிபானா.

"எங்கப்பா கடைக்கு. அவரே வரச் சொன்னாரே! ஆனா ஒண்ணையும் தொடக்கூடாது, சரியா?"

ஒருவர் நடந்தாலே இடிக்கும் கடை அது. பிள்ளைகள் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தட்டு அடுக்குகளுக்கு நடுவில் சமர்த்தாக உட்கார்ந்தார்கள். ஒருவரும் எதையும் தொடவில்லை. ஆனாலும் யாராவது தும்மினால் ஜனார்த்தனனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அங்கிள், நீர் எப்படி ஆவியாகுது?" என்று கேட்டான் நபீல்.

"எனக்கே ஆவி போகுதுடா, அசையாம இரு!"

கலியாண வீட்டுக்குக் கோப்பை வாங்க வந்த ஓர் அம்மா, உள்ளே கால் வைக்க இடமில்லாமல் திரும்பிப் போய்விட்டார். ஜனார்த்தனன் தட்டு அடுக்கு ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கும் வருவீங்களா?" குரல் இறங்கிவிட்டது.

"நாளைக்கு ஷிபானாவோட வாப்பா துணிக்கடைக்குப் போறோம். நாளன்னைக்கு நபீலோட மாமா மருந்துக்கடைக்கு. அப்படியே சுத்திச் சுத்தி, அஞ்சு வருஷத்துக்கும் வருவோம்பா."

சொன்னபடியே போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

"வரி ஏறக்கூடாது என்பவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார் சபை அதிகாரி. ஜனார்த்தனன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணிக்கடைக்காரரும் மருந்துக்கடைக்காரரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஏறலாம் என்பவர்கள்?"

மூவரின் கைகளும் உயர்ந்தன. அவர்களைப் பார்த்து இன்னும் பலர் தூக்கினார்கள். எண்ணிப் பார்த்ததில் இந்தப் பக்கம்தான் கூடுதல்.

ஜனார்த்தனன் கோபமாக எழுந்து நின்றார்.

"வரியைக் கட்டுறோம். ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள் நூலகத்தை நேரத்தோட பூட்டினாலும், இத்தனை பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு நேரா நீங்க வேலை செய்ற கந்தோருக்கு வந்துருவேன்!"

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே வரிசையாகத் தெரிந்த தலைகளைப் பார்த்தார்.

"ஐயோ, பூட்ட மாட்டோம்" என்றார் அவசர அவசரமாக.