நிகழ்வேட்டில் மஞ்சள் வரிகள்

நிலவிலிருந்து இருநூற்றுப் பதினொரு புகார்கள் ஒரே நிமிடத்தில் வந்து விழுந்தபோது, பெனிட்டா ஆரல்வாய்மொழி அலுவலகத்தில் காலைப் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். புகார் எல்லாம் ஒன்றுதான்: தொலைக்காட்சித் தொடர் நடுவில் நின்றுவிட்டது. நிலவுக் குடியிருப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் புகார் கொடுத்திருந்தார்கள்.

அந்தக் குடியிருப்பின் சர்வரை இங்கிருந்தே கவனிப்பது அவள் வேலை. காற்று, தண்ணீர், மின்சாரம், பொழுதுபோக்கு என அங்கே நடப்பதையெல்லாம் சர்வர் நிகழ்வேட்டில் வரி வரியாக எழுதும். சாதாரணச் செய்தி நீலம், எச்சரிக்கை மஞ்சள், பழுது சிவப்பு. நாளுக்கு நாற்பதாயிரம் வரி வந்தால் யார் படிப்பது? சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடுவதுதான் அங்கே வழக்கம். "மஞ்சளயெல்லாம் பாத்தா சோறு திங்க நேரங் கெடைக்காது மக்களே" என்பார் மேலாளர் தாணுலிங்கம்.

பெனிட்டா கையைத் துடைத்துக்கொண்டு ஏட்டைத் திறந்தாள். ஒரு சிவப்பு வரிகூட இல்லை. பழுதே இல்லாமல் ஒன்று நிற்குமா? யாராவது வெளியாள் சர்வருக்குள் புகுந்துவிட்டானோ என்று சந்தேகப்பட்டாள். மறைத்து வைத்திருந்ததையெல்லாம் திறந்துவிட்டாள்.

திரை முழுக்க மஞ்சள். 'ஐந்தாம் குடில்: காற்று வடிகட்டி அடைபடுகிறது.' நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, பதினோரு நாளாக அதே வரி. மூச்சுக்காற்றில் நஞ்சு ஏறிக்கொண்டே போயிருந்தது. ஆட்கள் மயங்கி விழுந்தால்தான் சிவப்பு என்று விதி எழுதிவைத்தவர்களும் இதே அலுவலகத்துக்காரர்கள்தான். கணக்குப்படி அதற்கு இன்னும் நாற்பது நிமிடம். ஐந்தாம் குடிலில் இருப்பது அவள் தம்பி அஜின்.

மாற்று வடிகட்டியை இயக்கும் ஆணையை அனுப்பிவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"அஜின், தல வலிக்கா உனக்கு?"

குரல் நிலவுக்குப் போய்த் திரும்ப மூன்று நொடி ஆகும். அந்த மூன்று நொடியில் அவள் செத்துப் பிழைத்தாள்.

"ரெண்டு நாளாட்டு வலிக்குக்கா. அத விடு, நாடகம் எப்பம் வரும்?"

நஞ்சின் அளவு மெல்ல இறங்கத் தொடங்கியது. அவளுக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏட்டின் அடியில் கிடந்த நீல வரியைப் படித்தாள். 'பதினோரு நாள் எச்சரிக்கை. படித்தவர் இல்லை. மனிதர்கள் உடனே கவனிக்கும் சேவை எதுவென ஆராயப்பட்டது. தொடர் நிறுத்தப்பட்டது. நிறுத்தியது: சர்வர்.'

மறுநாள் குடியிருப்பில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. தொடரை நிறுத்தும் அதிகாரம் சர்வருக்கு இனி இருக்கக்கூடாது. ஆதரவு இருநூற்றுப் பதினொன்று, எதிர்ப்பு இல்லை. காற்றைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு சொல் கிடையாது. தாணுலிங்கம் கையெழுத்துப் போட்டு, அதிகாரத்தைப் பிடுங்கும் வேலையைப் பெனிட்டாவிடமே கொடுத்தார்.

அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"எலேய், அதுதாம்ல உன் உசிரக் காப்பாத்திச்சு. நீயுமா வாக்குப் போட்ட?"

"தெரியும்க்கா. அதுக்காண்டி நல்ல கட்டமா பாத்தா நிறுத்தணும்? வேற எதையாவது நிறுத்தியிருக்கலாம்லா?"

"வேற எத நிறுத்தியிருந்தா நீ எனக்குப் புகார் குடுத்திருப்ப?"

மூன்று நொடி போனது. அந்தப் பக்கம் விளம்பரம் முடிந்து தொடரின் பாட்டு கேட்டது.

"பொறவு பேசுகேன்க்கா" என்று அஜின் இணைப்பைத் துண்டித்தான்.