மக்காத துணி

மண்வெட்டியில் ஏதோ வெள்ளையாகச் சிக்கியது. டில்லிபாபு குனிந்து பார்த்தான். பருத்தித் துணி... துண்டு துண்டாக, நூல் கட்டி, வரிசையாகப் புதைத்திருந்தது. அபிராமபுரத்து அடுக்குமாடிக்குப் பின்னால் யார் யாருக்குச் சூனியம் வைக்கிறார்கள்?

"ஐயோ, எடுக்காதீங்க!"

மழையில் ஒருத்தி ஓடி வந்தாள். குடை இல்லை. இமையில் தண்ணீர் சொட்ட, பெரிய கண்கள் அவனை முறைத்தன. அவனுக்குக் கையிலிருந்த மண்வெட்டி மறந்துபோயிற்று.

"நீதான் வச்சியா? இன்னாமா, யாருக்கு சூனியம்?"

"உங்களுக்குத்தான்! ஒழுங்கா மூடுங்க."

பெயர் அன்புக்கரசி. தரமணியில் ஆராய்ச்சி மாணவி. குடியிருப்பு செக்ரட்டரியிடம் கேட்டுத்தான் புதைத்தாளாம். தோட்டக்காரனிடம் யார் சொல்வார்கள்?

"பருத்தின்னா முழுக்க செல்லுலோஸ். இலை, புல்லுல எல்லாம் இருக்குறது அதான். மண்ணுல இருக்குற பாக்டீரியா அதைத் தின்னு மக்க வைக்கும். களைக்கொல்லி அடிச்சா அதுங்க என்ன ஆகும்னு பாக்குறேன்."

"செத்தா பாவம்தான்."

"கிண்டலா? சுவரோரம் மருந்து அடிப்பீங்க, சரி. வேப்பமரத்துப் பக்கம் அடிக்கிறதில்லையே? ஒப்பிட்டுப் பாக்க அங்கயும் துணி வச்சிருக்கேன்."

அடித்திருந்தான். போன வாரம்தான், புல் தொல்லை தாங்காமல். சொன்னால் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வேறு இடம் போய்விடுவாள்...

"இல்ல," என்றான்.

அந்த ஐப்பசி முழுக்க அவள் வந்தாள். தோண்டிப் பார்ப்பாள், மூடுவாள். அவன் குடை பிடிப்பான்.

"நேரா பிடிங்க. என் தலையில ஊத்துது!"

"நான் துணிக்குப் பிடிச்சிக்கினு கீறேன். உனக்கா?"

சிரிப்பாள். கண்ணகி நகருக்குத் திரும்பும் பஸ் நெரிசலில் அந்தச் சிரிப்பு மட்டும்தான் அவனோடு வரும்.

கார்த்திகையில் ஒருநாள் எல்லாத் துணியையும் எடுத்தாள். ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எதுவும் கிழியவில்லை.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டியா இருக்கு. களைக்கொல்லியால வித்தியாசமே இல்லைன்னுதான் எழுதணும். இனிமே இங்க எனக்கு வேலை இல்ல..." நிமிர்ந்தாள். "எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா, பாபு?"

அந்தக் கண்கள் எதற்குக் காத்திருக்கின்றன என்று அவனுக்குத் தெரிந்தது. அவனும் அதைச் சொல்லத்தான் வந்திருந்தான்... வாயில் வந்தது வேறு.

"வேப்பமரத்துப் பக்கமும் மருந்து அடிச்சேன்."

"என்ன...?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே. உன் பாக்டீரியா அங்கயும் படுத்துக்கினு கீது. தப்பா எழுதிடாத."

"என் வேலையே போச்சு! அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ போயிடுவ. அப்புறம் உன்னை எங்க பாக்குறது?"

துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தாள். அவன் கூப்பிடவில்லை. கூப்பிட முகமில்லை.

கேட்டருகே நின்றாள். திரும்பவில்லை.

"திரும்ப ஆரம்பிக்கணும். மருந்தே படாத மண்ணு எங்க இருக்கு?"

"தேடலாம்."

"அதுவரைக்கும்தான் என்கூட வருவீங்களா?"

மழை வலுத்தது. இனி மறைக்க அவனிடம் ஒன்றும் இல்லை.

"உன்னைப் புடிச்சிருக்கு, அன்பு. மண்ணு கெடைச்சாலும், கெடைக்கலைன்னாலும்."

மெல்லத் திரும்பினாள். கண் சிவந்திருந்தது... உதடு சிரித்தது.

"ரெண்டையும் அன்னிக்கே சொல்லியிருந்தா, போற இடத்துக்கு உங்களையும் கூட்டிட்டுப் போயிருப்பேனே... லூசு!"