ஏழாம் நம்பர் கிணறு

வீட்டில் ஷூ பாலிஷ் வாசனை அடித்தது.

அவள் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி மோந்து பார்த்தாள். கணவனுக்கு வருஷம் முழுக்க ரப்பர் செருப்புதான், அவனும் வெளியூர் போய் மூன்று நாள் ஆகிறது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் துணி ஷூ. பாலிஷ் டப்பா என்ற ஒன்று இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி, ஜன்னல் நிறைய வெயில், உள் அறையில் மகள் தனக்குத்தானே பேசியபடி விளையாடிக்கொண்டிருந்தாள்.

வாசனை அவளுக்குப் பழக்கமானதுதான். மூடிப்போன சாயத் தொழிற்சாலையின் அடியில் மண்ணுக்குள் இறங்கிக் கிடக்கும் ரசாயனத்துக்கு இதே வாசனை. அது நிலத்தடித் தண்ணீரில் எந்தப் பக்கம் பரவும், எப்போது எங்கே போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எழுதுகிற மாடல். கணவன் அவளைக் ‘கணக்குப்பிள்ளை’ என்று சீண்டுவான். அவள் கணக்குப்படி அந்த ரசாயனக் கறை சரிவில் இறங்கி, நாளுக்கு ஒரு சாண் வீதம், ஆற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மேட்டில் இருக்கும் குடியிருப்புக்கு, அவள் வீடும் அங்கேதான், ஒரு பயமும் இல்லை. போன மாதம் அப்படி எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

ஒரே ஒரு உறுத்தல் ஏழாம் நம்பர் கிணறு. கிணறு என்று பெயர்தானே தவிர, தண்ணீரைச் சோதிக்க ஒரு கை அகலத்துக்குப் போட்ட துளை, அதைச் சுற்றி முட்டி உயரத்துக்கு இரும்புக் கூடு, மேலே மூடி. அது தொழிற்சாலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே, மேட்டில் இருந்தது. தண்ணீர் மேடேறாது, கறையும் ஏறாது. ஆனால் ஐந்து தடவை அங்கே ரசாயனத்தின் அளவு எகிறியது. ஒவ்வொரு தடவையும் மறுவாரமே ஒன்றும் தெரியாததுபோல் இறங்கிவிட்டது. கருவிக் கோளாறு என்று ஐந்தையும் அழித்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். முரண்டு பிடிக்கும் புள்ளியைத் தூக்கிவிட்டால் மாடல் சமர்த்தாகிவிடும்.

போன் அடித்தது. கிணறுகளைச் சோதிக்கப் போயிருந்த டெக்னீஷியன்.

“மேடம், எல்லாக் கிணத்துலயும் பார்த்துட்டேன். ஒண்ணுமே இல்ல.”

“ஏழுலயா?”

“எல்லாத்துலயும்தான். ஃபாக்டரிக்குப் பக்கத்துல இருக்கே ஒண்ணாம் நம்பர், அதுலகூட சுத்தம்.” அவர் சிரித்தார். “நம்ம பொழப்பு போச்சு மேடம்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை டன் ரசாயனம் ஒரே வாரத்தில் ஆவியாகிவிடாது. ஒரு கட்டத்தை விட்டுப் போனது இன்னொரு கட்டத்தில் இருந்தே ஆக வேண்டும். அவள் படித்த படிப்பு முழுக்க அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

அழித்த ஐந்து புள்ளிகளையும் பழைய ஃபைலிலிருந்து தேடி எடுத்தாள். தேதிகளைப் பார்த்தாள். ஐந்தும் சனிக்கிழமை. டெக்னீஷியனுக்கு லீவு, அதனால் அவளே போன நாட்கள். களக் குறிப்பேட்டில் ஐந்து பக்கத்திலும் அவள் கையெழுத்து மட்டும் இருந்தது.

அந்தக் கறை தண்ணீரோடு போகவில்லை. அவள் போய் நின்ற இடத்துக்கு வந்திருக்கிறது. மண்ணுக்கடியில், மேடேறி, அவள் காலுக்குக் கீழே வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

இப்போது திரும்பிப் போகவில்லை.

“அம்மா, என் ரூம்ல தரை ஈரமா இருக்கு.”

“தண்ணி கொட்டினியா?”

“நான் ஒண்ணும் கொட்டல. அதுவா வந்துச்சு.”

அவள் ஓடினாள். அறை வாசலிலேயே கால்கள் நின்றுவிட்டன.

வாசனை மூச்சை அடைத்தது. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, வெள்ளை டைல்ஸின் இடுக்குகளிலிருந்து கசிந்து, பழுப்பாக ஒரு ஈரம். நீள்வட்டம். வளையத்துக்குள் வளையம். நடுவில் கறுப்பு, ஓரத்தில் வெளிறல், முன்னால் நாக்கு மாதிரி ஒரு நீட்சி. ஒரு வருஷமாகத் திரையில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான படம். அந்தப் பக்கம் ஜன்னலோரம் மகள், வெறுங்காலோடு.

“அங்கேயே நில்லுடா செல்லம். அம்மா சொல்ற வரைக்கும் அசையக் கூடாது.”

அவள் இடப்பக்கம் ஒரு அடி வைத்தாள். என்னைத்தானே தேடி வந்தாய், என்னோடு வா. தெருவுக்கு, ஆற்றுக்கு, எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போகிறேன்.

நாக்கு திரும்பவில்லை.

வலப்பக்கம் ஒரு அடி.

திரும்பவில்லை.

“அம்மா, எனக்குப் பயமா இருக்கு.” மகள் கட்டில் பக்கமாக ஒரே ஒரு அடி நகர்ந்தாள்.

நாக்கு திரும்பியது.

அப்போதுதான் குறிப்பேட்டில் எழுதாதது ஞாபகம் வந்தது. சோதனை இடத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகக் கூடாது என்பது விதி. அதனால் எழுதவில்லை. ஐந்து சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஏழாம் நம்பர் மூடிமேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, துளைக்குள் இருக்கும் யாரிடமோ போல மகள் கதை பேசிக்கொண்டிருந்தாள்.

“கட்டில்ல ஏறு! ஏறுடி!”

அவள் கத்தினாள்.

மகள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினாள். நாக்கு இன்னும் இரண்டு சாண் தள்ளி இருந்தது. ஆனால் தூக்கிய காலுக்கு அடியில், அந்தச் சின்னப் பாதத்தின் அளவுக்கே, ஐந்து விரலோடும், தரை ஏற்கெனவே ஈரமாக இருந்தது.